நடுக்குறி

எல்லாம் ஒரு எடை மெஷின் செய்த வேலை. மனிதன் எவனாவது செய்திருந்தால் மெக்கானிக் அவனை லேசில் விட்டிருக்க மாட்டார். மெஷினை என்ன செய்வது?

மலையேற்றச் சங்கத்தின் பின்னறையில் ஆறு பேரை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராக அதன்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார் பயிற்சியாளர். குட்டையான பெண்மணி. கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, அதனால் சங்கத்தில் அவர் பெயரே விசில்தான். ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறும் இரண்டு பேருக்குள் ஐந்து கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். கனத்தவன் வழுக்கினால் ஒல்லிக்காரன் பட்டம் மாதிரி பின்னாலேயே பறப்பான் என்பார். நான்கு பேர் அறுபதைச் சுற்றியே நின்றார்கள். மெக்கானிக் எண்பத்து நான்கு. கடைசியாக ஏறியவன் எண்பத்து மூன்றரை.

"அப்புறம் என்ன, அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒரு ஜோடி" என்றார் விசில்.

அந்த எண்பத்து மூன்றரை மெக்கானிக்கின் சகலை. மனைவியின் தங்கை புருஷன். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று எட்டு வருடம் ஆகிறது. ஒரே வீட்டு மாப்பிள்ளைகள், ஒரே ஊரில் இரண்டு பஸ் நிறுத்தத்துக்குள் குடியிருப்பவர்கள், ஒரே மாமனாரின் காரியத்தில் அடுத்தடுத்து நின்றபோதும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்கவில்லை. அவன் இந்தச் சங்கத்தில் சேர்ந்ததே போன வருடம்தான், தொப்பையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் விரட்டியதால். தொப்பை குறையவில்லை. குறைந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மெக்கானிக்குக் கோபத்தில் காது மடல் சூடேறியது. "வேற ஜோடி போடுங்கம்மா" என்றார்.

"வேற எடை இல்லையே. வேணாம்னா பேரை அடிச்சிடறேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருடம் என்று அந்த அம்மாள் சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்த மலைக்கு வருடத்துக்கு ஒரு முறை, ஆறே பேருக்குத்தான் அனுமதி. ஐம்பத்தைந்து வயது தாண்டினால் அதுவும் கிடையாது. மெக்கானிக்கு ஐம்பத்து மூன்று முடிந்துவிட்டது. நான்கு வருடம் மனுப் போட்டு, நான்கு வருடம் கை நழுவி, இப்போதுதான் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது. தினமும் அடுத்தவர்களை மேல்மாடிக்கு அனுப்பி வைத்துவிட்டுத் தான் கீழே எண்ணெய்க் குழியில் நிற்கிற லிஃப்ட் மெக்கானிக் அவர். வாழ்க்கையில் ஒரு தடவை தன் காலாலேயே உச்சிக்குப் போய் நிற்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு வெறியாகவே இருந்தது. அதற்காக இந்தப் பீடையுடன் ஒரே கயிற்றில் தொங்க வேண்டுமென்றால் தொங்கித்தான் ஆக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

பகைக்குக் காரணம் ஒரே ஒரு சொல். எட்டு வருடத்துக்கு முன்னால் ஓர் அலுவலகக் கட்டடத்தில் மெக்கானிக் பராமரித்த லிஃப்ட் ஒன்று பிரேக் பிடிக்காமல் இரண்டு மீட்டர் இறங்கி நின்றது. உள்ளே இருந்த ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் முறிந்தது. விசாரிக்க வந்த இன்ஷூரன்ஸ் ஆய்வாளர் வேறு யாருமில்லை, சகலைதான். 'இவர் எனக்குச் சொந்தம், வேறு ஆளை அனுப்புங்கள்' என்று ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. டேப்பும் டார்ச்சுமாக மூன்று நாள் குடைந்துவிட்டு, அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். கம்பெனி மெக்கானிக்கைத் தூக்கி ஆறு மாதம் உதிரிப்பாகக் கிடங்கில் போட்டது. பிரேக் கட்டையில் விரிசல் இருந்தது, தப்பு அதைத் தயாரித்தவன்மேல் என்று மெக்கானிக் இன்றைக்கும் சொல்வார். கேட்கத்தான் ஆளில்லை.

இப்படிப்பட்ட இரண்டு பேரைத்தான் விசில் சேர்த்துக் கட்டினார். அதோடு விட்டாரா? அவருக்கு இன்னும் இரண்டு சட்டங்கள் இருந்தன.

முதலாவது, அவனவன் பையை அவனவன் கட்டக் கூடாது. உன் பையைக் கட்ட வேண்டியவன் உன் ஜோடி. "மேல போய் அவர் மயங்கி விழுந்தா, அவர் மாத்திரை எந்தப் பையில இருக்குன்னு அவரையா எழுப்பிக் கேப்பீங்க?" என்பார் விசில். நியாயம்தான். ஆனால் நியாயம் இந்த இரண்டு பேரிடம் என்ன பாடுபட்டது என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சங்கத்துக் கூடத்தில் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் சாமானை ஒருவர் பிணத்தைத் தொடுகிற மாதிரி இரண்டு விரலால் தூக்கினார்கள். மெக்கானிக் ஆசையாக எடுத்து வைத்திருந்த திருப்புளி செட்டை சகலை கையில் வைத்து எடை பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ஓரமாக வைத்தான். மெக்கானிக் சும்மா இருப்பாரா? அவனுடைய தலைமுடி க்ரீம் டப்பாவைத் துழாவி எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்து, அதைத் திருப்புளிக்குப் பக்கத்தில் டொக்கென்று போட்டார். வழுக்கைத் தலைக்கு க்ரீம் எதற்கு என்று வாயால் கேட்கவில்லை. கண்ணால் கேட்டார்.

"மலை உங்களைக் கொல்றதுக்கு முன்னாடி நீங்களே ஒருத்தரை ஒருத்தர் முடிச்சிடாதீங்க" என்றார் விசில்.

இரண்டாவது சட்டம் கயிற்றைப் பற்றியது. ஜோடிக்கு ஒரு கயிறு, அறுபது மீட்டர். அது ஒரு வாரம் ஒருவர் வீட்டில், மறு வாரம் மற்றவர் வீட்டில் இருக்கும். கயிறு யாரிடம் இருக்கிறதோ அவர் அதை விரல்விட்டுத் தடவி, அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். கயிற்றுப் பையிலேயே ஓர் அட்டை கிடக்கும். கயிற்றுக்கு எது நடந்தாலும் அதில் எழுத வேண்டும்: தேதி, என்ன நடந்தது, காரணம், கையெழுத்து. கயிற்றின் சரி நடுவில் ஒரு குறி இருக்கும். மையால் போட்டால் மை கயிற்றை அரிக்கும் என்று கறுப்பு நூலைச் சுற்றிக் கட்டச் சொல்வார் விசில். இறங்கும்போது அந்த நடுக்குறியைப் பாறையில் அடித்த வளையத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டு, இரண்டு இழையையும் சேர்த்துப் பிடித்து இறங்குவார்கள். குறி நடுவில் இல்லாவிட்டால் ஒரு பக்கம் முன்னாலேயே தீர்ந்துவிடும். தீர்ந்த பக்கம் வளையத்தை உருவிக்கொண்டு ஓடும், ஆள் கயிறோடு போய்ச் சேருவான்.

இவர்களுடைய கயிற்றுக்கு நடுக்குறி கட்டியது மெக்கானிக்கின் மனைவி. தையல் வேலை செய்கிறவள். பிசிறில்லாமல் நெருக்கிச் சுற்றி, முடிவில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள். கயிற்றை வாராவாரம் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் தூக்கிச் சுமந்ததும் அக்காவும் தங்கையும்தான். புருஷன்கள் பேசிக்கொள்ளாததற்கும் சேர்த்து அவர்கள் தினமும் ஒரு மணி நேரம் போனில் பேசினார்கள்.

"ஏங்க, கயிறு ஒண்ணு, அதைக் கொண்டுபோய்க் குடுக்க உங்களுக்குக் காலில்லையா?" என்பாள் மனைவி.

"அவன் வாசப்படியை நான் மிதிக்கறதா? உன் வேலையைப் பாரு" என்பார் மெக்கானிக்.

முதல் வாரம் கயிறு மெக்கானிக்கிடம் இருந்தது. அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது. கயிற்றுப் பையை வேலைக்குப் போகிற வேனின் பின்பக்கத்தில் போட்டிருந்தார். பக்கத்தில் லிஃப்ட்டின் அவசர விளக்குக்கான பழைய பேட்டரி. வளைவில் பேட்டரி சாய்ந்தது. சாயங்காலம் பையைத் திறந்தால் ஒரு முனையில் சில சுற்றுகள் மஞ்சள் பாரித்து மொடமொடவென்று இருந்தன. ஆசிட். தொட்ட விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார். புதுப் பையன்களிடம் 'கயித்துக்கும் பேட்டரிக்கும் ஆகாதுடா' என்று வாய் வலிக்கச் சொல்கிறவர் அவரேதான்.

கெட்டுப்போன பகுதிக்கு மேலே இன்னும் கொஞ்சம் தள்ளி, நல்ல இடமாகப் பார்த்து, ஆறு மீட்டரை அளந்து சூடான கத்தியால் வெட்டினார். முனையை உருக்கி ஒட்டினார். அதுவரை எல்லாம் சரி. பிறகு அட்டையை எடுத்தார். தேதி எழுதப் போனவர் கண்ணில் 'காரணம்' என்ற கட்டம் பட்டது.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? எழுதினால் அடுத்த வாரம் அதைப் படிக்கப்போவது யார்? சகலை அதை வாசித்துவிட்டு மெல்லச் சிரிப்பான் என்று நினைத்தபோதே அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேனாவை மூடினார். கயிறு திரும்பி வரட்டும், நிதானமாக எழுதிக்கொள்ளலாம் என்று அட்டையைப் பைக்குள் தள்ளினார். மறுநாள் மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். மெக்கானிக் வாசலில் நின்று பார்த்தார். கூப்பிட வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை.

அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பயிற்சி பத்து மீட்டர் சுவரில்தான் நடந்தது, அதற்கு அந்தக் கயிறு தாராளம். ஆனால் சகலை எதிரே நின்று இடுப்புப் பட்டையை மாட்டும்போதெல்லாம் மெக்கானிக்கின் மனசு கணக்குப் போட்டது. அறுபதில் ஆறு போனால் ஐம்பத்து நான்கு. குறிக்கு ஒரு பக்கம் முப்பது, மறு பக்கம் இருபத்து நான்கு. அவனைப் பிடிக்காதுதான். அவன் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல்தான். அதற்காக அவனைப் பாறையிலிருந்து தள்ளிவிட முடியுமா? கொழுந்தியாளுக்கு என்ன பதில் சொல்வது?

மூன்றாவது வாரம் கயிறு திரும்பி வந்ததும் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. யாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம், அட்டையில் ஒரு எழுத்து எழுத வேண்டாம். இன்னொரு முனையிலும் ஆறு மீட்டரை வெட்டிவிட்டால் குறி தானாக நடுவுக்கு வந்துவிடும். பக்கத்துக்கு இருபத்து நான்கு. மலையில் மிக நீளமான இறக்கமே இருபத்து மூன்றுதான். போதும், தாராளமாகப் போதும். வேனுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, திருடன் பூட்டை உடைக்கிற அவசரத்தில், பழைய வெட்டு இல்லாத முனையைத் தேடி எடுத்து ஆறு மீட்டர் அளந்து வெட்டினார். கத்தியைத் துடைத்தபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. 'அவனுக்கே தெரியாம அவன் உயிரைக் காப்பாத்திட்டேன்' என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டார்.

இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, குறி நடுவில் வருகிறதா என்று பார்த்தாரா? பார்க்கவில்லை. லிஃப்ட்டின் இரும்புக் கயிற்றை மூன்று முறை அளக்காமல் கை வைக்காத மனிதர். வெட்கம் ஆளைக் குருடாக்கிவிட்டது, அவ்வளவுதான்.

நான்காவது வாரம் கயிறு சகலை வீட்டில் இருந்தது. வாரக் கடைசியில் கல்குவாரியில் ஒத்திகை. உச்சியிலிருந்து இருபத்து மூன்று மீட்டர் கீழே ஒரு பாறைத்தட்டு. இரண்டு பேர் ஒட்டி நிற்கலாம், அதுவும் வெளிப்பக்கமாகச் சரிந்தது. தட்டுக்குக் கீழே இன்னும் முப்பது மீட்டர் பள்ளம், அடியில் உடைந்த கல்.

"இன்னிக்கு நான் மேல வர மாட்டேன்" என்றார் விசில். "மலையில நான் கூட இருக்கப் போறதில்ல. எல்லாத்தையும் நீங்களே ஒருத்தருக்கொருத்தர் கேட்டுச் சரிபாருங்க. வாயைத் திறந்து கேளுங்க."

கடைசி வாக்கியத்தை இவர்கள் இருவரையும் பார்த்துத்தான் சொன்னார். சொல்லி என்ன பயன்?

உச்சியில் காற்று வீசியது. சகலை கயிற்றை வளையத்தில் நுழைத்துக் கறுப்புக் குறியைக் கொண்டுவந்து நிறுத்தினான். இரண்டு பக்கத்தையும் கீழே வீச வேண்டும். வீசுவதற்கு முன் இரண்டு முனையிலும் பெரிய முடிச்சுப் போட வேண்டும், கயிறு பத்தாவிட்டாலும் ஆள் முடிச்சில் நின்றுவிடுவான். முதலில் இறங்குகிறவன் "முடிச்சு?" என்று கேட்க, மற்றவன் "ரெண்டு" என்று சொல்ல வேண்டும் என்பது பாடம். மெக்கானிக் தன் பக்கத்து முனையில் முடிச்சுப் போட்டார். மற்ற முனையை அவன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தார். அவர் குனிந்து முடிச்சுப் போடுவதைப் பார்த்த சகலை, இரண்டையும் அவரே போட்டுவிட்டார் என்று நினைத்தான். ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காமல் தலையை ஆட்டிக்கொண்டார்கள். இரண்டு தலையாட்டல், ஒரு முடிச்சு.

சகலை விளிம்பைத் தாண்டிப் பின்பக்கமாகச் சாய்ந்து இறங்கத் தொடங்கினான். மெக்கானிக்குச் செய்ய வேலையில்லை. வளையத்தில் கயிறு அசைகிறதா என்று குனிந்து பார்த்தார். நடுக்குறி கண்ணுக்கு நேரே இருந்தது.

அது மனைவி கட்டிய குறி இல்லை.

நூல் கறுப்புதான். ஆனால் தாறுமாறாக, தையலே தெரியாத ஒரு கை சுற்றியது. முடிவில் பெருக்கல் குறி இல்லை, மொத்தையாக ஒரு முடிச்சு இருந்தது. ஒரு நொடி அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த நொடி எல்லாமே விளங்கியது. ஆய்வாளன் புத்தி! இரண்டாவது வாரமே அவன் கயிற்றை அளந்திருக்கிறான். ஆறு மீட்டர் குறைவதைக் கண்டுபிடித்து, பழைய குறியை அவிழ்த்து, ஐம்பத்து நான்குக்குச் சரி நடுவில் புதிதாகக் கட்டியிருக்கிறான். பக்கத்துக்கு இருபத்தேழு. அதற்குப் பிறகுதான் இவர் போய் ஒரு பக்கத்தில் ஆறு மீட்டரை வெட்டினார். அவன் ஒரு தடவை அளந்ததோடு சரி, மறுபடி அளக்கவில்லை. ஒரு பக்கம் இருபத்தேழு, மறு பக்கம் இருபத்தொன்று. தட்டு இருப்பதோ இருபத்து மூன்றில். அந்தக் குட்டைப் பக்கம் சகலை வீசிய பக்கமா, தான் வீசிய பக்கமா? விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். முடிச்சுப் போட்ட முனை தட்டுக்கும் கீழே நீளமாகத் தொங்கியது. இன்னொரு முனை அந்தரத்தில் ஆடியது, வெறும் முனையாக.

அவன் பாதி தூரம் போய்விட்டிருந்தான்.

"நில்லு!" என்று கத்தினார் மெக்கானிக். எட்டு வருடத்தில் அவனிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை.

சகலை நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் அதே அலட்சியம். "நீங்க சொல்லி நான் நிக்கணுமாக்கும்?" என்றான். இறங்கிக்கொண்டே இருந்தான்.

"டேய், கயிறு பத்தாதுடா! நில்லுடா!"

"எல்லாம் எனக்குத் தெரியும். நீங்க திருட்டுத்தனமா ஆறு மீட்டர் வெட்டினது, அட்டையில எழுதாம மறைச்சது, எல்லாம் தெரியும். அளந்து வச்சிருக்கேன், போட்டோவும் எடுத்து வச்சிருக்கேன். கீழ இறங்கினதும் அந்தம்மாகிட்ட காட்டப் போறேன். பயந்துட்டீங்களா?"

அவன் இறங்கினான். இன்னும் நான்கு மீட்டர், மூன்று. மற்ற நான்கு பேரும் பக்கத்துச் சுவரிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். கீழே விசில் தலையைத் தூக்கினார். சொல்லாமல் இனி முடியாது. சொன்னால் இத்தனை பேர் காதிலும் விழும். விழட்டும்!

"நீ அளந்ததுக்கப்புறம் மறுபடி வெட்டிட்டேன்டா!" என்று அலறினார். "அந்தப் பக்கமும் ஆறு வெட்டிட்டேன்! உன் வலது பக்கக் கயித்தைப் பாரு! முடிச்சு இல்ல! கீழ பாருடா பாவி!"

சகலை கீழே பார்த்தான். அவன் இடுப்புக்கு ஒரு முழம் கீழே கயிறு தீர்ந்திருந்தது. அவன் கை அப்படியே இறுகியது. குவாரி முழுவதும் விசில் சத்தம் கேட்டது, ஒரு முறை, நீளமாக. எல்லாரும் அசையாமல் நிற்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

பக்கத்து ஜோடியின் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து, வேறொரு வளையத்தில் நுழைத்து, ஒரு முனையைத் தன் இடுப்புப் பட்டையில் பூட்டி, மறுமுனையில் கொக்கி மாட்டி இறக்கியது மெக்கானிக்தான். முடிச்சை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். சகலை ஒரு கையால் கொக்கியைப் பிடித்து இடுப்பில் மாட்டினான். மாட்டினவன் சும்மா இருந்தானா?

"இது எத்தனை மீட்டர்?" என்று கேட்டான். குரல் கிழிந்திருந்தது.

"அறுபது. இப்பத்தான் அளந்தேன். ஒரு முனை என் இடுப்புல, மறுமுனை உன் இடுப்புல. இறங்கு."

எண்பத்து மூன்றரை கிலோவும் மெக்கானிக்கின் இடுப்பில் இறங்கியது. எண்பத்து நான்கு அதைத் தாங்கியது. அடி அடியாக அவனைத் தட்டில் கொண்டுபோய் விட்டார். அவன் கால் ஊன்றியதும் மெக்கானிக்குக் கண்ணீர் வந்தது. ஆத்திரத்தில்தான் வந்தது என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்.

மத்தியானம் சங்கத்துப் பின்னறையில் மேஜைக்கு எதிரெதிரே இருவரையும் உட்கார வைத்து, அட்டையை நடுவில் வைத்தார் விசில். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ரெண்டு பேரும் இந்த வருஷம் மலைக்குப் போகப் போறதில்ல. அது முடிஞ்சது. இப்ப எழுதுங்க."

மெக்கானிக் முதல் வெட்டை எழுதினார். அடுத்த வரியில் இரண்டாவது வெட்டை எழுதினார். 'காரணம்' கட்டத்தில் இரண்டு இடத்திலும் 'கவனக்குறைவு' என்று முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். எட்டு வருடம் தொண்டையில் சிக்கியிருந்த சொல். எழுதும்போது அது மற்ற சொற்களைப் போலத்தான் இருந்தது. அட்டையை எதிரே தள்ளினார்.

சகலை 'நடுக்குறி மாற்றப்பட்டது' என்று எழுதினான். காரணத்தில் பேனா நின்றது. எழுதுடா பார்க்கலாம் என்று மெக்கானிக் கண்ணெடுக்காமல் பார்த்தார். அவன் யோசித்து 'சந்தேகம்' என்று எழுதினான்.

விசில் குனிந்து படித்தார். "சந்தேகப்பட்டது தப்பில்ல. அளந்ததும் தப்பில்ல. வாயைத் திறந்து கேக்காததுதான் தப்பு. அதுக்குப் பேரு சந்தேகம் இல்ல. அடிச்சிட்டு எழுதுங்க."

அவன் அடித்துவிட்டு, மேல் வரியில் இருந்த அதே சொல்லைப் பார்த்து எழுதினான். இந்தக் காட்சிக்காக எட்டு வருடம் காத்திருந்த மெக்கானிக்குக் குளுகுளுவென்று இருந்திருக்க வேண்டும். இல்லை. கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று அவரை அரித்தது.

"அன்னிக்கு அந்த பிரேக்கைக் கழட்டிப் பாத்தியா? விரிசல் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு" என்றான் சகலை. "ஆறு மாசத்து விரிசல், உள்ள துருவே ஏறியிருந்துச்சு. அந்த ஆறு மாசத்துல நீங்க நாலு தடவை பிரேக்கைப் பாத்ததா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நான் வேற என்னத்த எழுதறது?"

நான்கில் இரண்டு தடவை மூடியைக் கழற்றாமலே கையெழுத்துப் போட்டது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று மெக்கானிக் இதுவரை நினைத்திருந்தார்.

"வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமேடா" என்றார்.

"வந்தேன். கதவை மூஞ்சியில சாத்தினீங்க."

சாத்தினது உண்மை.

கழித்துவிட்ட கயிற்றை யாரும் தவறிக்கூட எடுத்துப் பயன்படுத்தக் கூடாது என்பதால், அதைத் துண்டு துண்டாக வெட்டிப் போட வேண்டும். அந்த வேலையையும் அவர்களிடமே கொடுத்தார் விசில். ஒருவர் இழுத்துப் பிடிக்க, மற்றவர் வெட்ட வேண்டும். கத்தியை மெக்கானிக் எடுத்தார்.

"ரெண்டு மீட்டரா?"

"ரெண்டு. இறுக்கிப் பிடி."

"பிடிச்சிட்டுத்தான் இருக்கேன். கத்தி சூடாகல."

"எனக்குச் சொல்லித் தராதே."

"யாராவது சொல்லித் தந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

இருபத்து நான்கு துண்டு. கடைசித் துண்டைக் குப்பையில் போட்டுவிட்டு சகலை கையைத் தட்டிக்கொண்டான். வாசல் வரை போய்த் திரும்பினான்.

"அடுத்த வருஷம் நான் பத்துக் கிலோ குறைச்சிட்டுத்தான் எடை பாக்க வருவேன். உங்களோட மறுபடி ஒரே கயித்துல தொங்க என்னால ஆகாது, சாமி."

"போடா. உன்கூடத் தொங்கணும்னு நான் இங்க தவமா கிடக்கேன்?" என்றார் மெக்கானிக்.

சகலை போய்விட்டான்.

வீட்டில் மனைவி தட்டு வைத்தாள். தங்கை போனில் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொல்லி முடித்திருந்தாள் என்பது அவள் பாத்திரத்தை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது. அவள் பரிமாறியதில் பாதியை அவர் பாத்திரத்துக்கே திருப்பிப் போட்டார்.

"ஏன், பிடிக்கலையா? இல்ல, சாப்பிட மூஞ்சி இல்லையா?" என்றாள்.

"உன் தங்கச்சி புருஷன் பத்துக் கிலோ குறைக்கப் போறானாம்."

"அவர் குறைச்சா குறைக்கட்டும். உங்களுக்கென்ன வந்துச்சு?"

மெக்கானிக் தட்டைப் பார்த்தபடி விரலை மடக்கி எண்ணினார். மாதம் ஒரு கிலோ என்றால் பத்து மாதம். அடுத்த வருட எடைக்கு நேரம் சரியாக இருந்தது.

"எடை ஒத்துப் போகலைன்னா வேற எவனையாவது என்கூடக் கட்டி விட்டுருவாங்கடி" என்றார். "அந்தச் சங்கத்துல என் கயித்தை அளந்து பாத்தவன் அவன் ஒருத்தன்தான்."